விலாசம் விடுபட்ட பெயர்கள்: விவிலிய மாந்தர் அட்டைப் பெட்டி, ஒரு மதிப்புரை

சென்ற தவக்காலம் தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், எங்கள் பங்கின் (கத்தோலிக்க ஆலயச் சமூகத்தின்) ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பயன்படுத்துவதற்காக, விவிலியத்தில் வரும் மனிதர்களைப் படங்களுடன் அறிமுகம் செய்யும் அட்டைப் பெட்டி ஒன்றைக் காரைக்குடியில் ஒரு பக்திப் பொருள் கடையில் 380 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் 72 அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அட்டையின் முன்பக்கத்திலும் ஒருவருடைய வண்ணப்படமும் பெயரும், பின்பக்கத்தில் ஏழெட்டு வரிகளில் அவரைப் பற்றிய குறிப்பும், அவர் வரும் நூலின் பெயரும் அதிகார எண்ணும் அச்சிடப்பட்டுள்ளன. ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுடன் தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் தொடங்கி, உயிர்ப்பு விழாவுக்குப் பின் வரும் பெந்தக்கோஸ்து வரை பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பதிப்பித்தவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. கண்ட பிழைகளை அவர்களுக்கே கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். இதே பெட்டியையோ இதைப் போன்ற வேறொன்றையோ வாங்க நினைக்கும் பெற்றோருக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும், ஞாயிறு பள்ளி நடத்துவோருக்கும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது தெரிய வேண்டும் என்பதே என் நோக்கம்.

பொருளின் தரத்தில் குறையில்லை. அட்டை கெட்டியானது, மேலே பளபளப்பான உறை இருப்பதால் பிள்ளைகளின் கைப்பட்டும் மூன்று மாதங்களில் ஓரம் மடங்கவில்லை. எழுத்து பெரியதாக, பின்வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்படி இருக்கிறது. குறிப்புகளின் தமிழ் எளிமையானது.

நான் மனமாரப் பாராட்ட விரும்புவது வேறொன்று. ஒவ்வோர் அட்டையின் பின்பக்கத்திலும் 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் உள்ள பெயரோடு, நம் பாட்டிமார் வழங்கிய பழைய பெயரும் கொடுக்கப்பட்டிருக்கிறது. யோசேப்பு என்பதற்கு எதிரே சூசையப்பர், பேதுருவுக்கு எதிரே இராயப்பர், யோவானுக்கு எதிரே அருளப்பர், பவுலுக்கு எதிரே சின்னப்பர், ஸ்தேவானுக்கு எதிரே முடியப்பர், அந்திரேயாவுக்கு எதிரே பெலவேந்திரர் என்று வருகின்றன. சீர்திருத்த சபையினர் வழங்கும் வடிவங்களும் ஆங்காங்கே உள்ளன. தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை, தன் அப்பத்தா தினமும் மன்றாடும் சின்னப்பரும், வகுப்பில் நாம் படிக்கும் பவுலும் ஒருவரே என்பதை இந்த அட்டையைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டான். பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். அதைத் தமிழாக்கியே சின்னப்பர் என்றார்கள். ஸ்தேவான் என்பதன் கிரேக்க மூலத்துக்கு முடி, மாலை என்று பொருள், ஆகவே முடியப்பர். யோவான் என்பதன் எபிரேய மூலம் ஆண்டவர் அருள் கூர்ந்தார் என்பது, ஆகவே அருளப்பர். இந்த விளக்கங்கள் அட்டையில் இல்லை. ஆனாலும் பழைய பெயரைத் தந்ததன் மூலம், தலைமுறைகளுக்கு இடையே நின்ற ஒரு பெரிய குழப்பத்தைப் பதிப்பித்தவர்கள் நீக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தவர்கள் முன்பக்கத்தில் எப்படித் தவறினார்கள் என்பதே என் வருத்தம். முன்பக்கத்தில் எல்லாருக்கும் ஒற்றைப் பெயர் மட்டுமே அச்சிட்டிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து அடுக்கினால் மரியா என்று நான்கு அட்டைகள், யாக்கோபு என்று மூன்று, யோவான் என்று மூன்று, யோசேப்பு என்று மூன்று, சீமோன் என்று இரண்டு, சவுல் என்று இரண்டு வருகின்றன. எது யார் என்பது பின்பக்கம் திருப்பினால்தான் தெரியும். சில இடங்களில் திருப்பினாலும் தெரியாது.

பெட்டியை வாங்கி வந்த அன்று, வீட்டு முகப்பில் உட்கார்ந்து அட்டைகளை இனம் பிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு ஆச்சி வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு விவிலியம் பழக்கமில்லை. நான்கு மரியா அட்டைகளையும் வரிசையாக வைத்துவிட்டு, “நாலும் ஒரே பேராவுல்ல இருக்கு. விலாசம் போடாம வெறும் பேர மட்டும் போட்டா யாரு எவருன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்கள்.

செட்டிநாட்டைச் சேராத வாசகர்களுக்கு இதைச் சிறிது விளக்க வேண்டும். நகரத்தார் குடும்பங்களில் ஐயாவின், அதாவது தாத்தாவின், பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரைச் சுமப்பவன் என்பதால் வந்தது. ஒரே ஐயாவின் பெயரை மூன்று மகன்கள் வீட்டிலும் வைத்தால், ஒரே வளவுக்குள், அதாவது ஒரே பெரிய வீட்டுக்குள், மூன்று அண்ணாமலையோ மூன்று மெய்யப்பனோ வளர்வார்கள். இவர்களைப் பிரித்து அறிவதற்காகவே பெயருக்கு முன்னால் முன்னோர் பெயர்களின் தலையெழுத்துகளை அடுக்கி எழுதும் விலாசம் என்ற ஏற்பாடு இருக்கிறது. விலாசத்தைப் பார்த்தால் எந்த ஊர், எந்தக் குடும்பம், யாருடைய மகன் என்பது விளங்கிவிடும். கணக்கிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அதை விட்டுவிட்டு எழுதுவாரில்லை.

ஆச்சி கேட்ட கேள்வி, இருபது ஆண்டுகளாக நான் விவிலியக் கதை சொல்லிக் கொடுக்கும் முறையையே திரும்பிப் பார்க்க வைத்தது. விவிலியத்தை எழுதியவர்களும் ஏறக்குறைய இதே வழக்கமுள்ள சமூகத்தில் வாழ்ந்தவர்கள். செக்கரியாவுக்கும் எலிசபெத்துக்கும் பிறந்த குழந்தைக்கு யோவான் என்று பெயரிட வேண்டும் என்று தாய் சொன்னபோது, உறவினர் வந்து, உங்கள் உறவில் இந்தப் பெயருடையவர் ஒருவரும் இல்லையே என்று தடுத்ததாகவும், தந்தையின் பெயரையே வைக்க முனைந்ததாகவும் லூக்கா முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். பெயர்கள் குடும்பத்துக்குள்ளேயே சுற்றி வந்தால் குழப்பம் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் செபதேயுவின் மகன் யாக்கோபு என்றும், மகதலா மரியா என்றும், அரிமத்தியா யோசேப்பு என்றும், சிரேன் ஊர்ச் சீமோன் என்றும் தந்தை பெயரையோ ஊர்ப் பெயரையோ விடாமல் சேர்த்து எழுதினார்கள். விலாசம் மூல நூலிலேயே இருக்கிறது. மறையுரையிலும் நாடகத்திலும் படத்திலும் நாம்தான் அதைக் கழற்றிவிட்டோம். இந்தப் பெட்டியில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தால் நேர்ந்தவை.

யாக்கோபு அட்டைகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஈசாக்கின் மகனும் பன்னிரு குலங்களின் தந்தையுமான யாக்கோபு ஒருவர். செபதேயுவின் மகனும் யோவானின் சகோதரருமான திருத்தூதர் யாக்கோபு ஒருவர். நம் ஊர்களில் சந்தியாகப்பர் என்று கொண்டாடப்படுபவர் இவரே. அல்பேயுவின் மகனான மற்றொரு திருத்தூதர் யாக்கோபு உண்டு. எருசலேம் சபையின் தலைவராக இருந்தவரும், கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் ஆண்டவரின் (இயேசுவின்) சகோதரர் என்று பவுல் குறிப்பிடுபவருமான யாக்கோபும் உண்டு. இந்தக் கடைசி இருவரையும் ஒருவராகவே கொள்ளும் மரபு மேலைத் திருச்சபையில் நெடுங்காலம் இருந்தது. ஆங்கிலத்தில் பழைய ஏற்பாட்டவரை ஜேக்கப் என்றும் புதிய ஏற்பாட்டவர்களை ஜேம்ஸ் என்றும் இரண்டாகப் பிரித்துவிட்டதால், ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஜேம்ஸும் யாக்கோபும் ஒரே பெயர் என்பதே தெரிவதில்லை. தமிழ் இந்த இடத்தில் மூலத்துக்கு நெருக்கமாக நிற்கிறது. ஆனால் அப்படி நிற்கும் மொழிக்கு விலாசம் இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது.

எங்கள் வகுப்பில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் 12ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு ஒரு நல்ல கேள்வி கேட்டான். இரண்டாம் வசனத்தில் ஏரோது யாக்கோபை வாளால் கொன்றுவிடுகிறான். 17ஆம் வசனத்தில், சிறையிலிருந்து தப்பி வந்த பேதுரு, இதை யாக்கோபுக்குச் சொல்லுங்கள் என்கிறார். இறந்தவருக்கு எப்படிச் சொல்வது? கொல்லப்பட்டவர் செபதேயுவின் மகன், செய்தி அனுப்பப்பட்டவர் எருசலேம் சபையின் தலைவர் என்று விளக்கினேன். இந்த இரண்டாமவருக்குப் பெட்டியில் தனி அட்டையே இல்லை. அவரைப் பற்றிய செய்திகள் செபதேயுவின் மகனுடைய அட்டையில் சேர்ந்திருக்கின்றன. இது வெறும் பெயர்க் குழப்பம் என்று விட்டுவிடக்கூடியதன்று. சபையின் முதல் பத்து, இருபது ஆண்டு வரலாறே இதனால் பிசகிவிடுகிறது.

யூதா ததேயுவின் அட்டையைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது. வியாழன்தோறும் எத்தனையோ பேர் கண்ணீரோடு மன்றாடும் அத்திருத்தூதரின் இடையில் ஓவியர் ஒரு பணப்பையை வரைந்திருக்கிறார். பணப்பை இஸ்காரியோத்து யூதாசுக்கு உரியது. பணப்பையை வைத்திருந்தவர் அவரே என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. யூதா ததேயுவைத் தலைமேல் சுடருடனும், கையில் தடியுடனும், மார்பில் ஆண்டவரின் திருமுகத்துடனும் காட்டுவதே மரபு. லூக்கா இவரை யாக்கோபின் மகன் யூதா என்று குறிக்கிறார். மத்தேயுவும் மாற்கும் அந்த இடத்தில் ததேயு என்கிறார்கள். யோவான் 14ஆம் அதிகாரத்தில் இறுதி இராவுணவின்போது இவர் ஒரு கேள்வி கேட்கிறார். அங்கே நற்செய்தியாளர், இவர் இஸ்காரியோத்து அல்லர் என்று தாமே எச்சரித்துவிட்டுத்தான் கேள்வியை எழுதுகிறார். முதல் நூற்றாண்டிலேயே இந்தக் குழப்பம் வரும் என்று அஞ்சி அவர் போட்ட அந்த விலாசத்தை நாமும் போட்டிருந்தால், ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவருக்கா நவநாள் (ஒன்பது நாள் மன்றாட்டு) செய்கிறோம் என்று ஒரு குழந்தை கேட்கும் நிலை வந்திருக்காது.

இனி மரியா அட்டைகள். ஆண்டவரின் தாயை எவரும் மற்றவரோடு குழப்புவதில்லை. பெத்தானியாவின் மரியாவும், குளோப்பாவின் மரியாவும் தத்தம் அட்டையில் சரியாகவே இருக்கிறார்கள். யோவான் மாற்கின் தாயான மரியாவுக்கு இடம் கொடுக்கவில்லை. அதைப் பெரிய குறையாகக் கருதவில்லை. மகதலா மரியாவின் அட்டைதான் இந்தப் பெட்டியிலேயே மோசமான அட்டை. அவிழ்ந்த கூந்தலோடு ஒரு பெண் ஆண்டவரின் காலடியில் அழுவதாகப் படம். பின்பக்கத்தில், பாவ வாழ்க்கையில் இருந்தவர், கல்லெறியப்பட இருந்தபோது காப்பாற்றப்பட்டவர், ஆண்டவரின் பாதங்களைக் கண்ணீரால் கழுவியவர், பின்பு சீடரானவர் என்று குறிப்பு.

இந்த நான்கு வரிகளுக்குள் வெவ்வேறு பெண்கள் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறார்கள். கல்லெறியப்பட இருந்த பெண் யோவான் 8ஆம் அதிகாரத்தில் வருகிறார். அவருக்குப் பெயர் சொல்லப்படவில்லை. ஆண்டவரின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துக் கூந்தலால் துடைத்தவர் லூக்கா 7ஆம் அதிகாரத்தில், பரிசேயரான சீமோனின் வீட்டில் வருகிறார். அவருக்கும் பெயர் இல்லை. பெத்தானியாவில் பாஸ்கா விழாவுக்குச் சற்று முன் ஆண்டவருக்கு நறுமணத் தைலம் பூசிய பெண்ணைப் பற்றி மத்தேயு, மாற்கு, யோவான் மூவரும் எழுதுகிறார்கள். அது தொழுநோயாளர் சீமோனின் வீடு என்று முதல் இருவரும், பூசியவர் இலாசர், மார்த்தா ஆகியோரின் சகோதரியான மரியா என்று யோவானும் சொல்கிறார்கள். இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் சீமோன் என்றே பெயர். இரண்டு இடத்திலும் தைலம். இரண்டு இடத்திலும் ஒரு பெண். போதாததற்கு, லூக்கா 7ஆம் அதிகாரம் அந்தப் பெயரில்லாத பெண்ணோடு முடிந்ததும், 8ஆம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் ஏழு பேய்கள் நீங்கப்பெற்ற மகதலா மரியா முதன்முறையாக அறிமுகமாகிறார். அடுத்தடுத்துப் படித்தவர்கள் இருவரையும் ஒருவராக்கிவிட்டார்கள்.

இந்தப் பிழையைத் தொடங்கியவர் அட்டை எழுதியவர் அல்லர் என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். திருத்தந்தை பெரிய கிரகோரி 591இல் ஆற்றிய ஒரு மறையுரையில் லூக்காவின் பாவியான பெண், பெத்தானியா மரியா, மகதலா மரியா ஆகிய மூவரையும் ஒருவராகவே கொண்டார். மேலைத் திருச்சபை அதைப் பின்பற்றி, ஓவியமும் நாடகமும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அப்படியே வளர்ந்தன. கீழைத் திருச்சபைகள் மூவரையும் தனித்தனியாகவே வைத்திருந்தன. 1969இல் உரோமை வழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோது நம் வழிபாட்டிலும் இந்த இணைப்பு கைவிடப்பட்டது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை 22ஆம் நாளை மகதலா மரியாவின் நினைவு நாள் என்ற நிலையிலிருந்து திருத்தூதர்களுக்கு இணையான விழா என்ற நிலைக்கு உயர்த்தினார். 2021 முதல் ஜூலை 29இல் மார்த்தா, மரியா, இலாசர் ஆகிய மூவரையும் சேர்த்து நினைவுகூர்கிறோம். ஒரே மாதத்தில் இரண்டு மரியாக்களுக்கும் இரண்டு நாள்கள் ஆகிவிட்டன. நம் பீடத்திலிருந்தே இவ்வளவும் தெளிவாக அறிவிக்கப்பட்ட பிறகும், புதிதாக அச்சிடும் ஓர் அட்டையில் பழைய கலவையைத் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான்கு நற்செய்திகளும் ஒருமித்துச் சொல்வது, மகதலா மரியா வெறுமையான கல்லறைக்குச் சென்றார் என்பது. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு, சீடர்களிடம் ஓடிச் சொன்னவர் அவரே என்று யோவான் எழுதுகிறார். இந்த அட்டையில் கல்லறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கள் வகுப்பில் மகதலா மரியாவின் பெயரையே கொண்ட ஒரு சிறுமி இருக்கிறாள். அட்டையைப் படித்துவிட்டு, தன் பெயரை ஏன் இப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று வீட்டில் கேட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு அவளுடைய தாய் என்னிடம் வந்து பேசியபோதுதான், ஒரு தவறான குறிப்பு எவ்வளவு தூரம் போய்த் தைக்கும் என்பதை நான் உணர்ந்தேன். அன்று முழு வகுப்பையும் இந்த ஓர் அட்டைக்கே ஒதுக்கினோம்.

ஏரோது அட்டையின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. மற்ற இடங்களில் ஒரே பெயரில் பல அட்டைகள் என்றால், இங்கே பலருக்குச் சேர்த்து ஒரே அட்டை. பெத்லகேம் குழந்தைகளைக் கொன்றவன், திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டுவித்தவன், விசாரணையின்போது ஆண்டவரை ஏளனம் செய்தவன், பேதுருவைச் சிறையிலடைத்தவன் என்று எல்லாவற்றையும் ஒருவன் தலையில் சுமத்தியிருக்கிறார்கள். குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பெரிய ஏரோது கி.மு. 4இல் இறந்துவிட்டான், அவன் இறந்த செய்தியை மத்தேயு இரண்டாம் அதிகாரத்திலேயே எழுதிவிடுகிறார். அவன் மகன் அர்க்கெலா யூதேயாவை ஆண்டதால்தான் சூசையப்பர் அங்கே போக அஞ்சி நாசரேத்துக்குப் போனார். இன்னொரு மகன் ஏரோது அந்திப்பா கலிலேயாவை ஆண்டான். யோவானைக் கொன்றவனும் ஆண்டவரை ஏளனம் செய்தவனும் இவனே. செபதேயுவின் மகன் யாக்கோபைக் கொன்று பேதுருவைச் சிறையிலடைத்தவன், பெரிய ஏரோதின் பேரனான முதலாம் அகிரிப்பா, இவன் கி.பி. 44இல் செசரியாவில் இறந்தான். பவுலின் வழக்கைக் கேட்ட அகிரிப்பா அரசர் இவனுடைய மகன், அதாவது பெரிய ஏரோதின் கொள்ளுப்பேரன். தந்தை, மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்ற நான்கு தலைமுறையை வளவு வளவாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும், எங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது. தம் ஊர்ப் பங்காளி வீட்டுக் கணக்கு அவர்களுக்குப் பழக்கமானது.

இந்த அட்டையில் மற்றொன்றையும் திருத்த வேண்டும். யோவானின் தலையைக் கேட்ட சிறுமியின் பெயர் சலோமி என்று அச்சிட்டு, மாற்கு 6ஆம் அதிகாரம் என்று சான்றும் கொடுத்திருக்கிறார்கள். மாற்கு அவளை ஏரோதியாவின் மகள் என்று மட்டுமே சொல்கிறார். ஏரோதியாவின் மகளுக்குச் சலோமி என்று பெயர் என்பதை யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதியிருக்கிறார். மாற்கு நற்செய்தியில் சலோமி என்று ஒருவர் உண்மையாகவே வருகிறார்: ஆண்டவர் சிலுவையில் இறந்ததைத் தொலைவில் நின்று பார்த்து, உயிர்ப்பு நாள் காலையில் நறுமணப் பொருள்களோடு கல்லறைக்குப் போன பக்தியுள்ள பெண். அட்டையின் சான்றை நம்பிப் பெயரைத் தேடும் பிள்ளை இந்த நல்ல பெண்ணைத்தான் கண்டுபிடித்துக் குற்றவாளியாக்கும்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளிடம் இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. செட்டிநாட்டிலிருந்து இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்கு ஆண்டுதோறும் யாத்திரை போகிறோம். அங்கே 1693 பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியாக இறந்த அருளானந்தர், போர்த்துக்கல் நாட்டிலிருந்து வந்த ஜான் தே பிரித்தோ. அவர் பெயரும் யோவானே. மறவர் குலத்து இளவரசரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவுசெய்தபோது, விலக்கப்பட்ட மனைவியரில் இராமநாதபுரம் அரசரான சேதுபதியின் உறவினரான ஒருவர் அரசரிடம் முறையிட்டதே அவருடைய கைதுக்கு வழியானது. திருமுழுக்கு யோவானும், உன் சகோதரன் மனைவியை நீ வைத்திருப்பது முறையன்று என்று ஏரோது அந்திப்பாவிடம் சொன்னதால் ஏரோதியாவின் பகைக்கு ஆளாகித் தலை வெட்டப்பட்டார். பெயரும் ஒன்று, இறந்த விதமும் ஒன்று, காரணமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே ஓரியூரின் சிவந்த மண்ணில் ஏரோது வந்து வெட்டினான் என்று ஒரு சிறுமி எழுதிக் கொடுத்தபோது நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு யோவான்களுக்கும் இடையே 1,600 ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன என்று காலக்கோடு வரைந்து காட்டினேன். அந்த ஒப்புமையை அவளாகவே கண்டது எனக்கு மகிழ்ச்சியே.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலாசர் அட்டையில் புண்களை நாய்கள் நக்கும் ஏழை, கல்லறையிலிருந்து கட்டுகளோடு எழுந்து வருகிறார். லூக்கா 16இல் வரும் ஏழை இலாசர் ஓர் உவமையின் பாத்திரம், யோவான் 11இல் உயிர்பெற்ற பெத்தானியா இலாசர் ஆண்டவரின் நண்பர். திருத்தூதர் பிலிப்புக்கும், எத்தியோப்பிய அதிகாரிக்குத் திருமுழுக்குக் கொடுத்த பிலிப்புக்கும் ஒரே அட்டை. இரண்டாமவர் பந்தியில் பணிபுரியத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரில் ஒருவர். பவுல் குதிரையிலிருந்து விழுகிறார்; திருத்தூதர் பணிகள் நூல் இந்நிகழ்ச்சியை மூன்று இடங்களில் சொல்கிறது, மூன்றிலும் குதிரை இல்லை. மனம் மாறிய அன்றே சவுல் என்ற பெயர் பவுல் என்று மாறிவிட்டதாகவும் குறிப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகும் பல அதிகாரங்கள் அவர் சவுல் என்றே அழைக்கப்பட்டு, சைப்பிரசில்தான், பவுல் என்றும் பெயர்கொண்ட சவுல் என்று இரண்டு பெயர்களும் சேர்ந்து வருகின்றன. கிழக்கிலிருந்து வந்த ஞானிகளை மூன்று அரசர்களாக்கிப் பெயரும் கொடுத்திருக்கிறார்கள். மத்தேயு எண்ணிக்கையையும் சொல்லவில்லை, பெயரையும் சொல்லவில்லை, அவர்களை அரசர்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்று ராசாக்கள் நம் குடிலிலும் திருநாளிலும் நெடுங்காலமாக இருப்பவர்கள். மரபு என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அந்த அட்டை எனக்கு நிறைவாக இருந்திருக்கும்.

சிறப்பாக அமைந்த அட்டைகளும் உண்டு. எலியாவும் எலிசாவும் தமிழில் ஓரெழுத்து வேறுபாட்டில் நிற்பவர்கள். ஆசிரியர்களே மாற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இங்கே இருவரையும் தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். காகம் உணவு கொண்டுவந்ததும், சாரிபாத்துக் கைம்பெண் வீட்டில் மாவும் எண்ணெயும் குறையாதிருந்ததும், கர்மேல் மலையில் நெருப்பு இறங்கியதும் எலியாவின் அட்டையில்; நாமானின் தொழுநோய் நீங்கியதும், தண்ணீரில் விழுந்த கோடரி மிதந்ததும் எலிசாவின் அட்டையில். எலியா விண்ணகம் சென்றது சுழற்காற்றில் என்பதையும், நெருப்புத் தேர் இருவரையும் பிரித்தது என்பதையும் மூலத்தில் உள்ளபடியே எழுதியிருக்கிறார்கள். யோசேப்பு அட்டைகளும் அப்படியே. முதல் ஏற்பாட்டு யோசேப்பும் யாக்கோபின் மகன். மத்தேயு தரும் தலைமுறைப் பட்டியலின்படி சூசையப்பரும் யாக்கோபு என்ற ஒருவரின் மகன். இருவரும் கனவு கண்டவர்கள், இருவரும் எகிப்துக்குப் போனவர்கள். இந்த ஒற்றுமையைச் சுட்டிக்காட்டி, லூக்காவின் பட்டியலில் சூசையப்பரின் தந்தை பெயர் ஏலி என்று வருவதையும் மறைக்காமல் எழுதியிருக்கும் அந்த அட்டையைப் பார்த்தால், மகதலா மரியாவின் அட்டையை எழுதியவர் இவராக இருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆசிரியர் ஒருவர் கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு வாங்கலாம்; 380 ரூபாய்க்கு அட்டையின் தரம் குறைவில்லை, பழைய பெயர்களுக்காகவே வாங்கி வைக்கத் தகும். பிள்ளை தானாகவே படித்துக்கொள்ளட்டும் என்று வீட்டுக்கு வாங்கிக் கொடுப்பதற்கு இப்போதைய பதிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடைக்காரரிடம் இவற்றைச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்த பதிப்பு வந்தால் தெரிவிப்பதாகவும் சொன்னார்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் அழியாத மை உள்ள பேனாவால் முன்பக்கத்தில், பெயருக்கு மேலே, விலாசத்தை எழுதிக்கொள்ளலாம். பளபளப்பான உறைமேல் சாதாரணப் பேனா நிற்காது. எங்கள் பிள்ளைகள் 23 அட்டைகளில் அப்படி எழுதியிருக்கிறார்கள். எந்த விலாசத்தை எழுதுவது என்பதை விவிலியத்தைத் திறந்து தேடிய பிறகே எழுத வேண்டும் என்று விதி வைத்தோம். ஏரோது குடும்பத்துக்கு வெள்ளை அட்டையில் மூன்று புதிய அட்டைகள் வெட்டிச் சேர்த்தோம். மகதலா மரியாவின் பின்பக்கக் குறிப்பின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறோம். அதில் யோவான் 20ஆம் அதிகாரத்திலிருந்து ஆறு வரிகளை அந்தச் சிறுமியே எழுதித் தந்தாள்.